ரயில் பெட்டியிலும் கோயில் கட்டலாம்

பொழுது விடிவதற்கு முன்பே கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஏராளம். 2001-ம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். போக சுமார் 100 கிலோ மீட்டர். வர சுமார் 100 கிலோ மீட்டர். வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும்.

நகருக்குள்ளேயே குடியிருப்பவர்களின் பாடும் லேசானதல்ல. அல்சூரிலிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கும், சிவாஜிநகரிலிருந்து ஒயிட்பீல்டுக்கும் பஸ்சில் போய் வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

"சாமி கும்பிடக்கூட நேரமில்லை" என்பது இவர்கள் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. அது சாக்கு அல்ல, உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

உடம்புக்கு நோய் வந்தால் காய்ச்சல் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளத்துக்கு வரும் நோய் அப்படிச் சட்டென்று தெரிவதில்லை. மேலதிகாரியிடம் பட்ட அவமானம் வீட்டில் மனைவி மேல் கோபமாக இறங்கும். பக்கத்து மேஜைக்காரருக்குப் பதவி உயர்வு என்றால் சோறு இறங்காது. சம்பளத் தேதியைத் தவிர வேறு எந்த நாளிலும் முகம் மலராது. உள்ளே ஏதோ வறண்டு வருகிறது என்பதற்கு இவையே அடையாளம்.

நேரமும் இல்லை, வசதியும் இல்லை என்ற நிலையில் இதற்கு மருந்து உண்டா? உண்டு என்கிறது ஒரு பழைய வரலாறு.

மனத்தில் எழுந்த கோயில்

பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில், அரக்கோணம், திருவள்ளூரைத் தாண்டியதும் திருநின்றவூர் என்ற ஊரைக் கடந்து செல்கிறது. பூசலார் நாயனார் பிறந்த ஊர் இது.

சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது பூசலாரின் ஆசை. கையில் காசில்லை. பல இடங்களில் பொருள் தேடி அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மனம் வருந்தினார், ஆனால் ஆசையைக் கைவிடவில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார்.

அவர் கட்டிய முறைதான் கவனிக்க வேண்டியது. கண்ணை மூடியவுடன் கோபுரம் எழுந்துவிடவில்லை. மனத்தாலேயே கல்லும் மரமும் சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இரவிலும் கண் துஞ்சாமல் பணி செய்தார். சிகரம், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக முடித்தார். நீண்ட நாட்களுக்குப் பிறகே குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சிபுரத்தில் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்தான் பல்லவ மன்னன். முதல் நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, மறுநாள் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டியிருப்பதால் விழாவைத் தள்ளி வைக்கும்படி சொன்னான். மன்னன் திருநின்றவூருக்கு ஓடி வந்து விசாரித்தால், அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார். உண்மை தெரிந்ததும் அந்த ஏழை அந்தணரின் காலில் விழுந்தான் மன்னன். திருநின்றவூரில் இருக்கும் இருதயாலீசுவரர் கோயில் இந்த வரலாற்றின் நினைவாக விளங்குகிறது.

பணம் இல்லாதது பூசலாருக்குத் தடையாகவில்லை. ஆனால் நாள் தவறாத உழைப்பு இல்லாமல் மனக்கோயிலும் எழுந்திருக்காது.

அரிசி பொறுக்கியவர் மனைவி

இந்த வரலாற்றைப் பெரிய புராணத்தில் பாடிய சேக்கிழார், காட்டில் தவம் செய்தவர் அல்ல. சோழ மன்னனுக்கு அமைச்சராக இருந்து, அலுவல் பார்த்தவர். அவர் வாழ்ந்த அதே 12-ம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த பசவண்ணரும் உத்தியோகஸ்தர்தான். கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனின் பொக்கிஷக் கணக்கைக் கவனித்தவர்.

பசவண்ணரைச் சுற்றி இருந்த அடியார்களில் சலவைத் தொழிலாளி உண்டு, படகோட்டி உண்டு, கயிறு திரிப்பவர் உண்டு. கைத்தொழிலே வழிபாடு என்பது அவர்கள் கொள்கை. அதற்குக் 'காயகம்' என்று பெயர்.

அவர்களில் ஒருவர் மாரய்யா. சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வந்து, அதைச் சமைத்து அடியார்களுக்குப் படைப்பது அவர் காயகம். ஒரு நாள் ஞானப் பேச்சில் மூழ்கி வேலையை மறந்துவிட்டார். மனைவி லக்கம்மா நினைவூட்டி அனுப்பினார். இன்னொரு நாள் வழக்கத்தைவிட அதிக அரிசியோடு வந்தார். இத்தனை நமக்கு எதற்கு என்று கேட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொட்டி வரச் செய்தார் லக்கம்மா.

பக்தியின் பெயரால் வேலையை மறப்பதும் பிசகு. வேலையின் பெயரால் பேராசை கொள்வதும் பிசகு. இரண்டையும் கண்டுபிடித்துத் திருத்தியவர், வீட்டில் உலை வைத்த ஒரு பெண்.

'ஓவர்டைம்' கிடைத்தால் விடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையையும் விற்றுவிடுகிறவர்களுக்கு லக்கம்மாவின் கேள்வி இன்றும் பொருந்தும். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் உழைப்பது கடமை. தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கொள்வது அதைவிடப் பெரிய கடமை.

கால் மணி நேரம் போதும்

மும்பையில் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் கோஷ்டியாகச் சேர்ந்து, ஜால்ரா தட்டிப் பஜனை பாடிக்கொண்டே போவது நெடுநாளைய வழக்கம். நெரிசலுக்குள்ளேயே அவர்கள் ஒரு கோயிலை உண்டாக்கிக் கொள்கிறார்கள். பாட விரும்பாதவர்கள் ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடி, இஷ்ட தெய்வத்தின் பெயரை மனதுக்குள் சொல்லலாம். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டால் கால் மணி நேரம் கட்டாயம் கிடைக்கும்.

எந்த மதமும் இதற்கு விலக்கல்ல. இஸ்லாமியரின் ஐந்து வேளைத் தொழுகை, வேலை நாளின் நடுவிலேயே இறைவனுக்கு நேரம் ஒதுக்கி வைக்கிறது. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8-ந் தேதி விழாவுக்கு முந்தைய நாட்களில் கூடுகிற கூட்டத்தில் உழைப்பாளிகள் எத்தனையோ பேர்.

நேரம் குறைவாக இருந்தால் பரவாயில்லை. நாள்தோறும் ஒரே நேரமாக இருக்க வேண்டும். கடையில் கணக்கு எழுதுகிறவர் அன்றன்றைக்கே இருப்புக் கட்டிவிடுவார். ஒரு மாதக் கணக்கைச் சேர்த்து வைத்தால் தவறு எங்கே என்று பிடிபடாது. மனக் கணக்கும் அப்படித்தான். படுக்கப் போகுமுன், இன்று யாரைப் புண்படுத்தினோம், யாருக்கு உதவினோம் என்று இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்தால் போதும்.

பலன் தெரிகிறதா என்று அறிய ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. களைத்து வீடு திரும்பும் தகப்பன் கதவைத் தட்டும்போது பிள்ளைகள் ஓடி வருகிறார்களா, ஒதுங்கி நிற்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.