கணினியில் தமிழ்ப்பணி: சில எளிய உத்திகள்

எழுத்தாணியும் ஏடும் தமிழனின் கருவிகளாய் விளங்கிய காலம் போய், அச்சும் தட்டச்சும் வந்து, இன்று கணினியும் கைப்பேசியும் நம் கைகளில் தவழ்கின்றன. தமிழ் பயில்வோர் பலர் இவற்றைக் கடிதம் அனுப்பவும் படம் பார்க்கவும் மட்டுமே பயன்படுத்துவதைக் காண்கிறோம். அன்றாடப் பணியில் பாதி நேரத்தை மிச்சமாக்கும் எளிய வழிகள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்பது பொருந்தும்.

முதலில் தட்டச்சு. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் பழக்கமே மாணவரிடம் மிகுதி. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையோ தமிழ் இலக்கணத்தை அறிந்து செயற்படுவது. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வரினும் அவ்வாறே. ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்கள் போதும். நன்னூல் படித்தவருக்கு இதனைக் கற்க நெடுநாள் வேண்டுவதில்லை.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தொண்ணூறுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை உருவாக்கியது. ‘பாமினி’ போன்றவற்றில் தட்டச்சிட்ட கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளே குவியலாய்த் தோன்றும். அந்நாளைய ஆய்வேடுகளும் மலர்க் கட்டுரைகளும் இவ்வாறு வாய்மூடிக் கிடக்கின்றன. 2010ஆம் ஆண்டு தமிழக அரசும் ஏற்றுக்கொண்ட ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் உண்டு. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. குறுந்தகட்டில் உறங்கும் கோப்பு எனில் தகட்டைப் படிக்கும் கருவி இருக்கும்போதே இதனைச் செய்துவிடுதல் நலம்.

ஒருங்குறிக்கு மாறியதும் தேடல் கைகூடும். கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்திச் சொல்லைத் தட்டினால் ஆயிரம் பக்கத்திலும் அச்சொல் நொடியில் அகப்படும். மதுரைத் திட்டம் மின்பதிப்பாக வழங்கும் நூல்களில் ஒரு சொல்லாட்சியை ஆராய முனைவோர்க்கு இது பெருந்துணை. ஆயினும் புணர்ச்சியை இயந்திரம் அறியாது. ‘கடல்’ என்று தேடுவோர்க்குக் ‘கடற்கரை’ கிட்டாது; ‘கடலில்’ என்பதும் தப்பிவிடலாம். ‘கட’ என்று சுருக்கினாலோ கடவுளும் கடமையும் சேர்ந்தே வந்து நிற்கும். எனவே கடல், கடலி, கடலை, கடற் எனத் தனித்தனியே தேடுதல் வேண்டும். இன்னொன்று, ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. அத்தகைய பதிப்பில் ஔவையாரைத் தேடினால் அவர் அகப்படார்!

தேடி மாற்றும் வசதியும் உண்டு. ‘அனைத்தையும் மாற்று’ என்று ஆணையிடுமுன் எண்ணித் துணிக. ‘மலை’ என்பதைக் ‘குன்று’ என மாற்றச் சொன்னால் மலையாளம் ‘குன்றுயாளம்’ ஆகிவிடும்.

அகரவரிசைப்படுத்தலும் அத்தகையதே. நூற்பட்டியலைக் கையால் அடுக்குவது ஒருநாள் வேலை. கணினிக்கு ஒரு நொடி. ஆனால் ஒருங்குறியின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கு ளகரம், ழகரம், வகரம் என்ற முறையில் எழுத்துகள் நிற்கின்றன. எண்ணையே பின்பற்றும் மென்பொருள் தளை, தழை, தவம் என அடுக்கும். நம் அகராதியோ தவம், தழை, தளை என்று அடுக்கும். முற்றிலும் தலைகீழ்! மொழியைத் தமிழ் எனக் குறித்த பின்னரே வரிசைப்படுத்த வேண்டும். முடிவில் இம்மூன்று எழுத்துகளையேனும் சரிபார்க்க வேண்டும்.

அச்சுப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் தட்டச்சிட்டாற்போல் வந்துவிடும். வாயால் சொல்லச் சொல்ல எழுதும் வசதியும் தமிழுக்கு உண்டு. கைந்நடுக்கமுற்ற முதியோர் தம் நினைவுகளைப் பதிவு செய்ய இதனினும் ஏற்ற கருவி வேறில்லை என்பது என் கருத்து. இரண்டிலும் பிழை நேரும்; மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்புதல் ஆகாது.

கோப்புக்குப் பெயரிடுவதிலும் ஓர் ஒழுங்கு தேவை. ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்னும் பெயர்கள் பயனற்றவை. ஆண்டு, திங்கள், நாள் என எண்களை முன்வைத்து, பின் தலைப்பை எழுதினால் கோப்புகள் காலமுறையில் தாமே அணிவகுக்கும். திங்களையும் நாளையும் 01, 02 என ஈரிலக்கமாகவே எழுதுக. இல்லையேல் பத்தாம் திங்கள் இரண்டாம் திங்களுக்கு முன்னே சென்று அமர்ந்துகொள்ளக்கூடும்.