ஊர் போன பிறகு வந்த பாட்டு: கிரீன் ஆற்றங்கரைக் குறிப்புகள்

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "இயற்கை அழகில் மயங்கிப் பாட்டு எழுதினார்" என்று ஒரு வரி கட்டாயம் போட்டுவிடுவார்கள். மலை, ஆறு, நிலா, மர வீடு. கொஞ்ச நாளாக புளூகிராஸ் இசையின் வரலாற்றைத் துருவிக்கொண்டிருக்கிறேன். துருவத் துருவ, அந்த வரி பாதிதான் சரி என்று படுகிறது. ஊரிலேயே உட்கார்ந்து ஊரைப் பாடினவர்களைவிட, ஊரை விட்டுப் போனவர்களும் ஊரைப் பறிகொடுத்தவர்களும்தான் நிறையப் பாடியிருக்கிறார்கள்.

இதைப் பார்க்க ஒரே ஒரு ஆற்றங்கரை போதும். கென்டக்கி மாநிலத்தின் மேற்கில் கிரீன் ஆறு ஓடுகிறது. ஒரு கரையில் ஒஹாயோ மாவட்டம் (அதே பெயரில் உள்ள மாநிலம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). எதிர்க்கரையில் ம்யூலன்பர்க் மாவட்டம். இரண்டுமே நிலக்கரி பூமி.

ஒஹாயோ மாவட்டத்தில் ரோசீன் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் 1911ல் பிறந்தவர் பில் மன்றோ. எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பார்வை சரியில்லை, காது மட்டும் படு கூர்மை. பத்து வயதில் அம்மா போய்விட்டார், பதினாறு வயதில் அப்பா. அதற்குப் பிறகு பென் என்கிற தாய்மாமனின் குடிசையில் வாழ்ந்தார். மாமா ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசிப்பவர், மருமகன் கூடவே போய்ப் பக்கவாத்தியம் வாசிப்பார். பதினெட்டு வயதில் மன்றோ இண்டியானாவுக்குப் போய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் உருட்டும் வேலையில் சேர்ந்தார். அந்த மாமாவைப் பற்றிய பாட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஜெருசலேம் மேட்டின் பெயரைச் சூட்டிய மெட்டு, கென்டக்கி நிலாவைப் பற்றிய புகழ்பெற்ற வால்ட்ஸ் என்று எல்லாமே ஊரை விட்டு வெளியேறி வெகுகாலம் கழித்து வந்தவைதான். நிலாப் பாட்டைப் பதிவு செய்தது 1946ல். மாமா பாட்டு 1950ல். அப்போது மாமா இறந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மன்றோ தன் குழுவுக்கு 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார், பிறகு அந்த இசைக்கே புளூகிராஸ் என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் கென்டக்கியில் புளூகிராஸ் வட்டாரம் என்றால் லெக்சிங்டனைச் சுற்றிய குதிரைப் பண்ணைச் சீமை. மன்றோவின் ஊர் அதற்குள் வராது. தூர தேசத்து ரேடியோ நேயருக்கு ஊரைச் சொல்வதானால் மாநிலத்தின் செல்லப்பெயரைத்தான் சொல்ல முடியும், ரோசீன் என்றால் யாருக்குத் தெரியும்?

அதே வட்டாரத்தில் ஆர்னல்ட் ஷூல்ட்ஸ் என்று ஒரு கறுப்பின கிடார்க் கலைஞர் இருந்தார். சுரங்க வேலையும் பார்த்தவர். நடனங்களில் வாசிக்க இளம் மன்றோவைச் சேர்த்துக்கொண்டவர் அவர். அவரது கட்டைவிரல் வாசிப்பு கைமாறிக் கைமாறி ம்யூலன்பர்க் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், மெர்ல் டிராவிஸ் வழியாக உலகத்துக்கே தெரிந்தது. ஷூல்ட்ஸ் பாடியதோ வாசித்ததோ ஒரு பதிவுகூடக் கிடையாது. 1931ல் இறந்துவிட்டார். ஒரு இடம் பாட்டுக்குள் நுழைவது என்றால் மலையும் மரமும் மட்டும் இல்லை, இந்த மாதிரி ஒரு விரல் பழக்கமாகவும் நுழையும்.

இப்போது எதிர்க்கரைக்கு வருவோம். அங்கே ஆற்றோரம் பாரடைஸ் என்று ஒரு ஊர் இருந்தது. பேரே சொர்க்கம். ஜான் பிரைனின் பெற்றோருக்கு அந்தப் பக்கம்தான் பூர்வீகம். ஆனால் பிரைன் பிறந்து வளர்ந்தது சிகாகோ புறநகரான மேவுட்டில், பார்த்த வேலை தபால்காரர் உத்தியோகம். பாரடைஸ் அவருக்கு விடுமுறைக்குப் போகும் சொந்த ஊர், அவ்வளவுதான். அவர் ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தபோது, ஊர் காலியாகிற செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அப்பா அனுப்பிவைத்தார். அந்த அப்பாவுக்காக எழுதிய பாட்டுதான் 'பாரடைஸ்'. 1971ல் வந்த முதல் ஆல்பத்தில் இருக்கிறது. பதிவை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டியபோது அப்பா பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டாராம், ஜூக்பாக்ஸில் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

பாட்டில் ஊரைத் தூக்கிக்கொண்டு போவது பீபாடி நிலக்கரி நிறுவனத்தின் ரயில். பெயரைச் சொல்லியே பாடியிருக்கிறார். நிறுவனத்துக்குக் கோபம் வந்து 1973ல் 'உண்மைகள் எதிர் பிரைன்' என்கிற பொருளில் ஒரு பிரசுரமே வெளியிட்டது. ஒரு பாட்டுக்கு எதிராக ஒரு கம்பெனி துண்டறிக்கை போட்டது என்றால் பாட்டு எங்கே போய்த் தைத்திருக்கிறது பாருங்க.

தகவலை மட்டும் பார்த்தால் கணக்கு கொஞ்சம் சிக்கல். ஊரை விலைக்கு வாங்கி 1967ல் இடித்தது டிவிஏ என்கிற அரசு நிறுவனம். பக்கத்தில் 1963ல் அது கட்டிய அனல்மின் நிலையத்தின் சாம்பல் வீடுகளின் மேல் கொட்ட ஆரம்பித்தது, உடம்புக்கு ஆகாது என்று ஊரையே அப்புறப்படுத்தினார்கள். அப்படியானால் பிரைன் தப்பான ஆள் மேல் பழி போட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மின்நிலையம் அங்கே வந்ததற்குக் காரணமே சுற்றிலும் கிடைத்த கரி. அதை ராட்சத மண்வாரிகள் வைத்து நிலத்தை உரித்து எடுத்தது பீபாடி. இடித்த கை ஒன்று, தோண்டிய கை ஒன்று. மூன்று நிமிடப் பாட்டில் இரண்டு வில்லனுக்கு இடம் இல்லை.

நிலத்தை உரிப்பது என்றதும் கென்டக்கியின் கிழக்குப் பக்கத்து ஜீன் ரிச்சியையும் சொல்லியாக வேண்டும். வைப்பர் என்கிற மலைக்கிராமம், பதினான்கு பிள்ளைகளில் கடைசி. அந்த மலைகளில் தாத்தா காலத்திலேயே நிலத்தடிக் கனிமத்தின் உரிமையை அற்ப விலைக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். அப்போது தெரிந்தது பூமிக்கடியில் குகை தோண்டுகிற சுரங்கம்தான். பிற்பாடு புல்டோசர் வந்தது. அதே பத்திரத்தைக் காட்டி, மேலே வீடும் தோட்டமும் வைத்திருப்பவரைக் கேட்காமலேயே மலையைச் சுரண்டலாம் என்று மாநில நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இதைத் தடுக்க 1988ல் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. ரிச்சியின் 'கறுப்புத் தண்ணீர்' பாட்டு இந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது. சில சுரங்கப் பாட்டுகளைத் தாத்தாவின் பெயரான தான் ஹால் என்கிற பெயரில் வெளியிட்டார். ஆண் எழுதினதாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம், அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்பது இன்னொன்று.

இந்த மண்ணோடு ஒட்டு உறவே இல்லாமலும் நல்ல ஊர்ப்பாட்டு வருமா? வரும், அதையும் மறைக்கக் கூடாது. ஜான் டென்வர் பாடிய 'கன்ட்ரி ரோட்ஸ்' நம்ம ஊர் காலேஜ் பஸ்ஸில்கூடப் பாடுகிற பாட்டு. அதன் விதை விழுந்தது மேரிலேண்ட் மாநிலத்துச் சாலை ஒன்றில். அதில் வருகிற ஆறும் மலைத்தொடரும் மேற்கு வர்ஜீனியாவின் கிழக்கு ஓரத்தை மட்டும்தான் தொட்டுப் போகின்றன. அதனால் என்ன, 2014ல் அதை அந்த மாநிலம் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதே வருடம் டென்னசியில் லேக் சிட்டி என்கிற ஊர், 'ராக்கி டாப்' என்கிற புளூகிராஸ் பாட்டின் பெயரையே தன் பெயராக மாற்றிக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்கிற நம்பிக்கைதான். அந்த ஊரின் ஆதிப் பெயர் கோல் க்ரீக், அதாவது கரி ஓடை. 1902ல் 216 பேரைக் காவு வாங்கிய ஃப்ரேட்டர்வில் சுரங்க வெடிப்பு நடந்தது அங்கேதான். அந்தப் பெயர் 1930களில் பக்கத்தில் அணை கட்டி ஏரி வந்தபோதே போய்விட்டது. அணை கட்டியது யார் தெரியுமா? அதே டிவிஏ.

பாரடைஸ் மின்நிலையத்தின் கடைசி நிலக்கரி யூனிட்டை 2020 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 7ஆம் தேதி, ஜான் பிரைன் கொரோனாவில் இறந்தார். தன் சாம்பலைக் கிரீன் ஆற்றில் விடச் சொல்லி அந்தப் பாட்டிலேயே கேட்டிருந்தார். குடும்பத்தார் பாதியை ஆற்றில் கரைத்தார்கள். மீதிப் பாதியைச் சிகாகோவில், அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தார்கள். மின்நிலையத்தின் மூன்று குளிர்விப்புக் கோபுரங்களையும் 2022 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தாகிவிட்டது.