வண்டி வந்துவிட்டது, பங்க் எங்கே?

வாலாஜாபாத்தில் ஒரு மெக்கானிக் கடை. என் தங்கை மகனின் பழைய 100 சிசி வண்டி அங்கே சென்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. மழையில் மூன்று வாரம் ஓடாமல் கிடந்த வண்டி. கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் அவனுக்கு மிச்சம். மெக்கானிக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து, "ஊறிப் போயிருக்கு பாருங்க சார்" என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அவர் இன்னொன்றும் செய்து காட்டினார். ஒரு காலி பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கி, பெஞ்சின் மேல் வைத்தார். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் அடியில் தங்கியது. ஆனால் ஊற்றிய அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு பிரியம். நின்றுபோன வண்டியின் டேங்கிலும் நடப்பது இதுதான்.

பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "மாமா, பேசாம ஃப்ளெக்ஸ் ஃபியூல் வண்டியே வாங்கிட்டா என்ன?"

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவன் அவன். போக வர 70 கிலோமீட்டர். பெட்ரோல் செலவு அவன் சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குப் போகிறபோக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃப்ளெக்ஸ் ஃபியூல் வண்டி என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலிலும் ஓடும். 85 சதவீதம் எத்தனால் கலந்த இ85-லும் ஓடும். இரண்டையும் ஒரே டேங்கில் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிபொருளை இன்ஜெக்டர் பீய்ச்ச வேண்டும். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து சொல்ல, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை வண்டியின் கணினி திருத்திக்கொள்ளும். டியூப், சீல், பம்ப் எல்லாமே எத்தனாலைத் தாங்கும் பொருளில் செய்யப்பட்டிருக்கும். சாதாரண வண்டியில் இவை இ85-க்கு ஏற்றபடி இருக்காது. ஆகவே விலை குறைவு என்று பார்த்து அதில் இ85 ஊற்றிவிடாதீர்கள்.

வண்டி செய்வது நமக்குப் புதிதல்ல. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 2019 ஜூலையிலேயே எத்தனாலில் ஓடும் அப்பாச்சி 200-ஐ அறிமுகப்படுத்தியது. அன்று அதை ஓட்ட நினைத்தவர் எத்தனாலுக்கு எங்கே போவார்? 2021 ஜூனில்தான் புனேயில் மூன்று பெட்ரோல் பங்க்குகளில் சோதனையாக விற்பனை தொடங்கியது. 2024 மார்ச்சில், தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் இந்தியன் ஆயிலின் 183 பங்க்குகளில் எத்தனால் 100 கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அதன்பின் 2024 அக்டோபரில் ஹோண்டா சிபி300எஃப், 2025 ஜனவரியில் சுசுகி ஜிக்சர் எஸ்எஃப் 250 என்று ஃப்ளெக்ஸ் ஃபியூல் வண்டிகள் வந்தன. ஹோண்டாவின் அறிமுக ஷோரூம் விலை 1.70 லட்சம். டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் வாங்கும் வண்டியா அது?

பிரேசிலில் நிலைமை வேறு. எண்ணெய் விலை எகிறியதில் அடிபட்ட அந்த நாடு 1975-இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. எண்பதுகளில் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்களை மக்கள் நம்பி வாங்கினார்கள். 1989-இல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. காரை வைத்துக்கொண்டு பங்க் வாசலில் தவித்தவர்கள் அதை மறக்கவே இல்லை. ஒரே எரிபொருளை நம்பி இனி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் 2003-இல் ஃப்ளெக்ஸ் கார் வந்தது. 2009-இல் ஹோண்டாவின் சிஜி 150 டைட்டன் மிக்ஸ் வந்தது. ஆலைக்கும் கடைக்கும் போய்வரும் சாதாரண மனிதர்களின் வண்டி அது. உலகில் பெருமளவில் தயாரான முதல் ஃப்ளெக்ஸ் மோட்டார் சைக்கிளும் அதுதான். அங்கே பங்க்குக்குள் நுழைந்தால் பெட்ரோலும் இருக்கும், எத்தனாலும் இருக்கும். பலகையைப் பார்க்கிறார்கள், எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல்.

அது என்ன 70 சதவீதம்? ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் சுமார் 21-தான். லிட்டர் ஒன்றுதான், ஓடும் தூரம் ஒன்றல்ல.

பையனின் கணக்கையே போட்டுப் பார்த்தேன். மாதம் 25 நாள், 1,750 கிலோமீட்டர். இ20 பெட்ரோலில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் 35 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 3,535 ரூபாய். அதே வண்டி இ85-இல் ஓடினால் ஆற்றல் கணக்குப்படி லிட்டருக்கு 38 கிலோமீட்டர்தான் எதிர்பார்க்கலாம். 46 லிட்டர் வேண்டும். இ85 லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் 4,140 ரூபாய். லிட்டருக்கு 11 ரூபாய் மிச்சம் என்று நினைத்து ஊற்றியவன் கையிலிருந்து 600 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்! 77 ரூபாய்க்கு வந்தால் சரிக்குச் சரி. 70 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் மாதம் 300 ரூபாய் தேறும். பங்க்குக்குப் போகும் தடவையும் கூடும். 10 லிட்டர் டேங்கில் 500 கிலோமீட்டர் போனவன் 380-இலேயே வரிசையில் நிற்க வேண்டும்.

70 ரூபாய்க்குக் கொடுக்க முடியுமா? 2024-25-இல் எண்ணெய் நிறுவனங்கள் எத்தனால் ஆலைகளுக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். கடைசி வடிப்பு மொலாசஸில் செய்தால் லிட்டர் 57.97 ரூபாய், கரும்புச்சாறில் 65.61, மக்காச்சோளத்தில் 71.86. லாரி வாடகை, வரி, பங்க் கமிஷன் எல்லாம் இதற்கு மேல். மக்காச்சோள எத்தனாலை 70 ரூபாய்க்கு விற்க அரசு விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

தண்ணீர்க் கணக்கும் எனக்கு உறுத்துகிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எண்ணெய் இறக்குமதி குறைவதும், கரும்பு விவசாயிக்குப் பணம் சேர்வதும் நல்லதுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் காவிரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு இந்த எண்ணைப் பார்க்காததுபோலக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

குளிர் நமக்குப் பெரிய தொல்லை இல்லை. 15 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களில் டேங்கில் கொஞ்சம் பெட்ரோலும் இருக்கட்டும் என்பது பிரேசில் பாடம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் நினைவில் வைத்தால் போதும். எரிபொருளை மாற்றி ஊற்றியதும் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். புதுக் கலவையைக் கணினி பழகிக்கொள்ளாவிட்டால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும்.

அப்படியானால் வாங்கலாமா? நீங்கள் தினமும் போகும் வழியில் இ85 பங்க் இருந்து, அங்கே விலை இ20 விலையில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். சாதாரண மாடலுக்கும் ஃப்ளெக்ஸ் மாடலுக்கும் விலை ஒன்றாக இருந்தாலும் வாங்கலாம்; நாளை பெட்ரோலில் எத்தனால் அளவு இன்னும் ஏறினாலும் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது. எத்தனாலால் வரும் பழுதுக்கு வாரண்டி உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டி எத்தனாலில் கெடுகிறது என்பதற்காக மட்டும் ஃப்ளெக்ஸைத் தேட வேண்டியதில்லை. இ20-க்கென்றே செய்யப்பட்ட புது வண்டியே போதும்.

எண்ணெய் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள்: இ85 பலகையில் லிட்டர் விலைக்குப் பக்கத்திலேயே, இ20-ஐவிட எவ்வளவு தூரம் குறைவாக ஓடும் என்பதையும் எழுதிப் போடுங்கள். மாதச் சம்பளக்காரர் அதைக் கேட்க உரிமை உள்ளவர்.

காஞ்சிபுரம்-ஒரகடம் சாலையில் பையனின் வண்டிப் பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் எந்தப் பங்க்கிலும் இ85 என்ற பலகை என் கண்ணில் படவில்லை. இ20 பெட்ரோலுக்கான 125 சிசி வண்டிக்கு அவன் முன்பணம் கட்டிவிட்டான்.