உப்புப் பாத்தியில் ஒரு எக்ஸாக்ட் சமன்பாடு



கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் கட்டாயம் இந்தப் பேச்சு கேட்கும். "டேய், எக்ஸாக்ட் ஈக்குவேஷன்னா என்னடா?" "ரெண்டு பக்கமும் டிஃபரன்ஷியேட் பண்ணிப் பாரு. சமமா வந்தா எக்ஸாக்ட். அவ்வளவுதான்!"

மார்க் வாங்க இது போதும். ஆனால் ஏன் சமமாக வரவேண்டும்? விடை மரக்காணம் உப்பளத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்தியில் 1000 லிட்டர் கடல் நீர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சாப்பாட்டு உப்பு லிட்டருக்குச் சுமார் 27 கிராம். ஆக மொத்தம் 27 கிலோ. வெயிலில் நீர் வற்றும், கரிப்பு ஏறும். மேலே போவது வெறும் ஆவி. உப்பு போகாது.

நீரின் கனஅளவு 'க', லிட்டருக்கு உள்ள உப்பு 'செ' என்றால், மொத்த உப்பு க × செ. அது மாறவில்லை. சிறு மாற்றத்தை 'டி' என்று குறித்தால்,

செ × டி(க) + க × டி(செ) = 0

இதுதான் முதல் வரிசை எக்ஸாக்ட் சமன்பாடு! ஏதோ ஒரு மொத்த அளவின் மாற்றம் பூஜ்யம் என்பதே இதன் பொருள்.

சோதனை என்ன? டி(க)-வின் கெழு 'செ'. அதை 'செ'-யைப் பொறுத்துப் பகுதி வகையிட்டால் 1. டி(செ)-யின் கெழு 'க'. அதை 'க'-வைப் பொறுத்து வகையிட்டாலும் 1. இரண்டும் சமம். காரணம் எளிது. ஒளிந்திருக்கும் அளவை முதலில் 'க'-வாலும் பிறகு 'செ'-யாலும் வகையிட்டாலும், மாற்றிச் செய்தாலும், விடை ஒன்றுதான். 1740-ஐ ஒட்டி ஆய்லர், கிளைரோ போன்ற மேதைகள் தெளிவாக்கிய விஷயம் இது.

தீர்க்கும் வழி: முதல் உறுப்பை, 'செ' மாறிலி என்று கருதி, 'க'-வைப் பொறுத்துத் தொகையிடுங்கள், க × செ வரும். இரண்டாம் உறுப்பில் 'க' இல்லாத பகுதி இருந்தால் அதை மட்டும் 'செ'-யைப் பொறுத்துத் தொகையிட்டுக் கூட்டுங்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. விடை: க × செ = மாறிலி. உப்பு படியத் தொடங்கச் செறிவு ஏறக்குறைய 10 மடங்கு ஏறவேண்டும். அப்போது நீர் 100 லிட்டர் இருக்கும். 27 கிலோவும் பாத்தியிலேயே இருக்கும்.

சரி, தரை சரியில்லை என்றால்? குறைகிற நீரில் பாதி ஆவியாகிறது, பாதி மண்ணுக்குள் இறங்குகிறது என்று கொள்வோம். இறங்குகிற நீர் உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். இப்போது சமன்பாடு:

செ × டி(க) + 2க × டி(செ) = 0

சோதித்தால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2. எக்ஸாக்ட் இல்லை! க × செ இனி மாறிலி இல்லை என்று கணக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

பயப்பட வேண்டாம். முழுவதையும் 'செ'-யால் பெருக்குங்கள். இதற்குத் தொகையீட்டுக் காரணி என்று பெயர்.

செ² × டி(க) + 2 × க × செ × டி(செ) = 0

இப்போது இரண்டு பக்கமும் 2செ. எக்ஸாக்ட் ஆகிவிட்டது! விடை: க × செ² = மாறிலி. அதாவது செறிவு 10 மடங்கு ஏற, நீர் நூறில் ஒரு பங்காகச் சுருங்கவேண்டும். மிச்சம் 10 லிட்டர். அதில் உப்பு 2.7 கிலோதான். 24.3 கிலோவை மண் விழுங்கிவிட்டது!

நீரில் பாதிதானே இறங்கியது, உப்பில் பாதியாவது மிஞ்சும் என்றுதான் நாம் நினைப்போம். கணக்கு சொல்வதோ பத்தில் ஒன்று.

அளத் தொழிலாளர்கள் சீசன் தொடங்கும்போது நாள் கணக்கில் பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா? அந்த மிதியில்தான் அவர்களுடைய சீசன் கூலியே நிற்கிறது. வகையிடத் தெரியாமலேயே அந்தச் சமன்பாட்டை எக்ஸாக்ட் ஆக்குகிறவர்கள் அவர்கள்!

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை "சமமா வருதா?" என்று பார்க்கும்போது, "எங்கேயாவது கசிகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். சூத்திரம் மறந்தாலும் கணக்கு மறக்காது.