செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

மதுரைப் பக்கம் எந்த மெக்கானிக்குக்கு போன் போட்டு "வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே"ன்னு சொன்னாலும், அவர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி: "செல்ஃப் எடுக்குதா?" செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதில் பாதி உதிர்ந்து நம்மிடம் மிஞ்சிய சொல் இது. 1912-ல் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான், வண்டிக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றும் வேலை மெல்ல ஒழிந்தது. (அதற்கு முந்தைய ஆண்டுதான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொழில் தொடங்கினார். ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் அந்தக் குழுமத்தில் சேர்ந்தது 1961-ல்.)

அந்த ஒரு கேள்வி பிரச்சினையைச் சரிபாதியாக வெட்டிவிடுகிறது. மென்பொருளில் பிழை தேடும்போது நாங்கள் செய்வதும் இதைத்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர். நன்றாகச் சுற்றியும் ஓடவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன், இவை சேரும் நேரம், இவற்றில் ஏதோ ஒன்று இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. பேட்டரி இறங்கியிருந்தால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டருக்குப் போதுமான வோல்டேஜ் மிஞ்சாது.

முதலில் காதைக் கொடுங்கள். சிலிண்டர் ஒவ்வொன்றாகக் காற்றை அழுத்தும்போது ஒரு தாளம் கேட்கும். தாளமே இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு எங்கேயோ போய்விடும்.

தாளம் சரியா? சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, பின் சீட் பக்கம் கேளுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இரண்டு மூன்று விநாடி பம்ப் முனகும். சத்தமே இல்லையென்றால் பம்பை மாற்றக் கிளம்பும் முன் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பாருங்கள். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர். இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மூக்கு. கொஞ்சம் செல்ஃப் அடித்தபின் சைலன்சரில் பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். 'ஓவர்' ஆகிவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒரு முறை செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்ஷன் கார்கள் பெரும்பாலானவற்றில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சூடேறும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்து ஸ்பார்க் பார்க்கிற அந்தக் கால வழக்கம், பிளக் மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் இன்றைய வண்டிகளுக்கு ஆகாது. கம்ப்யூட்டரும் போகலாம், ஷாக்கும் அடிக்கும்.

போன மே மாதம் திருமங்கலத்திலிருந்து மச்சான் கூப்பிட்டார். மத்தியான வெயிலில் ஓடிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டது, செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்துப் பட்டறையில் "பம்ப் போச்சு, முழு செட்டா மாத்தணும்" என்று பதினாலாயிரம் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டது ரெண்டே கேள்வி. பம்ப் சத்தம் கேக்குதா மாப்ள? கேக்குது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசையுதா? அசையல. வண்டியை அப்படியே நிழலில் விடச் சொன்னேன். சாயங்காலம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.

இது கிராங்க் சென்சாரின் குணம். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு. அந்தத் துடிப்புதான் கம்ப்யூட்டருக்குக் கடிகாரம், அது வராவிட்டால் ஸ்பார்க்கும் கிடையாது, இன்ஜெக்டரும் திறக்காது. கம்பியில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். முள் அசையாதது பல கார்களில் இதற்கு நல்ல அடையாளம், எல்லாவற்றிலும் அல்ல. ஸ்கேனரில் பி0335 என்று வந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் அதுவும் சென்சாரைத்தான் குறிக்கும் என்றில்லை, அதன் வயரை எலி கடித்திருந்தாலும் அதே கோடுதான் வரும். மச்சான் வண்டியில் வயர் நன்றாக இருந்தது. சென்சார் மாற்ற ரெண்டாயிரத்துக்குள் முடிந்தது.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க்கே கிடையாது, அதனால் கணக்கு வேறு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: டேங்க் காலியாகி நின்றால் டீசல் ஊற்றினாலும் கிளம்பாது, லைனில் "ஏர் புடிச்சிருக்கும்". ஃபில்டர் பக்கத்துக் கைப்பம்பை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். காமன் ரெயில் கார்களில் கைப்பம்ப் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது, அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.