தொய்வும் சுண்ணாம்பும்: சொல் கேளாத தசையின் கதை

மூச்சுத் திணறி நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும் நோயை யாழ்ப்பாணத்தில் 'தொய்வு' என்கிறோம். ஆஸ்துமா என்பது ஆஸ்பத்திரிச் சொல். அரபியில் அது 'ரப்வு'. 12ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த யூத வைத்தியர் மூஸா இப்னு மைமூன் இந்நோய்க்கென்றே அரபியில் தனி நூல் எழுதினார். நோய் இவ்வளவு பழையது. ஆனாலும் தொய்வு வரும்போது சுவாசக் குழாயின் தசைக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. அதை விளங்கிக்கொண்டால் கையிலுள்ள பம்பை எப்படிப் பாவிப்பது என்பதும் விளங்கும்.

கையை மடக்கும் தசை நாம் நினைத்தபடி மடங்கும். இரத்தக் குழாய், குடல், கருப்பை, சுவாசக் குழாய் ஆகியவற்றின் சுவரிலுள்ள தசை நம் சொல் கேளாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதில் குறுக்கு வரிகள் தெரியா. அதனால் நமது உயர்தர வகுப்புகளில் 'மழமழப்பான தசை' என்று படிப்பிக்கிறோம். தமிழ்நாட்டில் 'மென்தசை' என்பர். இதன் ஒவ்வொரு கலமும் நடுவில் தடித்து இரு முனையிலும் ஒடுங்கியிருக்கும். இந்தக் கலங்கள் சுவாசச் சிறுகுழாயைச் சுற்றி வளையம் போல் கிடக்கின்றன. அவை சுருங்கினால் குழாய் ஒடுங்கும். தொய்வுக்காரருக்கு மூச்சை உள்ளே எடுப்பதை விட வெளியே விடுவதுதான் பெரும்பாடாகிவிடும்.

மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'மனுஷ சுகரணம்' என்ற உடற்றொழிலியல் நூல் 1883இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லண்டனில் சிட்னி றிங்கர் என்ற வைத்தியர் ஒரு விசித்திரத்தை அறிவித்தார். தவளையின் இதயத்தைக் குழாய்த் தண்ணீரில் செய்த உப்புக் கரைசலில் வைத்தால் அது நெடுநேரம் துடித்தது. வடித்த நீரில் செய்த கரைசலில் வைத்தால் விரைவில் அடங்கிப் போனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, அதாவது கல்சியம், தான் வேறுபாட்டுக்குக் காரணம். இதயத் தசையில் கண்ட இந்த உண்மை மற்றத் தசைகளுக்கும் பொருந்தும் என்பது பின்னர் தெரியவந்தது.

இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு கேள்வி வரும்: "எங்கட கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு கூடத்தானே சேர், அதாலயோ தொய்வு வாறது?" குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பது உண்மை. கேத்தலில் படியும் வெள்ளைக் கறை அதற்குச் சாட்சி. ஆனால் தண்ணீரில் உள்ள கல்சியம் தசையைச் சுருக்குவதில்லை. கலத்துக்கு வெளியே உள்ள கல்சியம் உள்ளே இருப்பதைப் போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. இந்த வேறுபாட்டைக் கலமே இரவு பகலாகக் காத்து வருகிறது. எவ்வளவு குடித்தோம் என்பதை விட, கலத்தின் கதவு எப்போது திறக்கிறது என்பதே முக்கியம்.

கதவைத் திறப்பது ஒரு செய்தி. புழுதி, சாம்பிராணிப் புகை, தடிமன் ஏதாவது குழாயின் உட்சுவரை உறுத்தும்போது நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வரும். ஒவ்வாமைக் கலங்களிலிருந்து ஹிஸ்டமின் வரும். இவை தசைக் கலத்தின் மேலுள்ள வாங்கிகளில் பொருந்தியதும் கலத்துக்குள் இருக்கும் சேமிப்பறை திறந்து கல்சியம் வெளிப்படுகிறது. நான்கு கல்சியம் அயன்கள் கல்மோடியூலின் என்ற புரதத்தில் ஏறிக்கொள்கின்றன. அந்தச் சோடி ஒரு நொதியத்தை எழுப்புகிறது. அந்த நொதியம் மயோசின் என்ற இழைப் புரதத்தில் ஒரு பொசுபேற்றை ஒட்டுகிறது. பொசுபேற்று ஒட்டிய மயோசின் பக்கத்திலுள்ள அக்ரின் இழையைப் பிடித்து இழுக்க, கலம் சுருங்குகிறது.

தளர்வதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கல்சியத்தைப் பம்பிகள் திரும்ப அறைக்குள்ளும் கலத்துக்கு வெளியேயும் தள்ளுகின்றன. இன்னொரு நொதியம் ஒட்டிய பொசுபேற்றைக் கழற்றுகிறது. ஆக, ஒட்டும் கைக்கும் கழற்றும் கைக்கும் இடையிலான சமநிலைதான் தசையின் இறுக்கம். கழற்றும் கையைக் கட்டிப்போடும் மூன்றாவது நொதியம் ஒன்றும் உண்டு. அது வேலை செய்தால் கல்சியம் குறைந்த பிறகும் இறுக்கம் விடாது.

மருந்துகள் இந்தச் சங்கிலியில் ஆளுக்கொரு இடத்தில் கை வைக்கின்றன. ஊமத்தையின் புகையைத் தொய்வுக்குப் பிடிக்கும் வழக்கம் நம் பக்கத்துப் பழைய வைத்தியம். 1802இல் அது சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போனது. ஊமத்தையிலுள்ள அற்றோப்பின் அசற்றைல்கோலினின் வாங்கியை அடைத்துக்கொள்கிறது. ஊமத்தை நஞ்சு, யாரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. இன்று ஆஸ்பத்திரியில் புகையாகப் பிடிக்கத் தரும் இப்ராற்றோப்பியம் அற்றோப்பினின் உறவுதான். 1969இல் சந்தைக்கு வந்த சல்பியூற்றமோல், அதாவது பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் பம்பு, வேறொரு வாங்கியைத் தட்டி எழுப்பிக் கல்சியத்தைக் குறைத்து ஒட்டும் கையைத் தளர்த்துகிறது. சில நிமிடத்தில் மூச்சு வரும்; நான்கைந்து மணித்தியாலம் நிற்கும்.

புத்தளத்தில் படிப்பித்த காலத்திலும், சோனகத் தெருவுக்குத் திரும்பிய பிறகும் நான் கேட்பது ஒரே கதைதான்: "நீலம் அடிச்சா உடனே சுகம். மற்றப் பம்பு அடிச்சு ஒண்டும் தெரியேல்லை, விட்டிட்டன்." மற்றது ஸ்டீரொயிட் பம்பு. அது தசையை உடனே தளர்த்துவதில்லை. செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் உட்சுவரின் அழற்சியை நாள்கணக்கில் தணிக்கிறது. நீலத்தை மட்டும் நம்புவது, மணி அடிப்பவனை விட்டுவிட்டுக் கதவை மட்டும் திரும்பத் திரும்பச் சாத்துவது போன்றது. உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019இலிருந்து நீலப் பம்பை மட்டும் கொண்டு வைத்தியம் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை. அடிக்கடி நீலம் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள்.

நோன்பு காலத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பம்பு நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்துண்டு. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் இரு சாராரும் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மறுக்கவில்லை. தடுப்புப் பம்பைப் பலருக்குச் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகுமாக மாற்றிக்கொள்ளலாம். ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு வைப்பது நல்லது. நோன்பு வந்துவிட்டது என்று அதை நிறுத்துவது பகலில் முட்டு வருவதற்கு வழிதிறந்து விடுவதாகும். அப்படி முட்டு வந்தால் மஃரிப் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் கலத்துக்குள் ஒட்டும் கைதான் ஓங்கியிருக்கிறது. மணித்தியாலங்கள் போகப் போக உட்சுவர் வீங்கிச் சளியும் அடைத்துவிட்டால் நீலப் பம்புக்கும் அது இலகுவில் இணங்காது. நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். முட்டு வந்தவுடன் பம்பை எடுங்கள். தளராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.