நோயாளியின் இரகசியமும் மூன்றாவது கையும்

சில ஆண்டுகளுக்கு முன் கோவில்பட்டியை அடுத்த கரிசல் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணொருத்திக்குச் சளிப் பரிசோதனை நடந்திருந்தது. பரிசோதனைக் கூடத்து ஊழியர், முடிவு எழுதிய காகிதத்தை உறையிலிடாமலே அவ்வூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அவரும் நல்லெண்ணத்துடன் அதைத் தேநீர்க் கடையில் கொடுத்து, “அந்தப் பிள்ளை வந்தால் கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லிச் சென்றார். பொழுது சாய்வதற்குள் காசநோய் என்ற சொல் ஊரெங்கும் பரவிற்று. ஆறு மாத மருந்தில் நோய் குணமாயிற்று. பேசி முடித்திருந்த கல்யாணமோ நின்றது நின்றதுதான். மழைக்குப் பின் கரிசலில் நடந்தவர்கள் அறிவார்கள், காலில் அப்பிய மண் எளிதில் உதிராது.

அவளுக்கு வைத்தியம் செய்த மருத்துவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். இரகசியம் காப்பது மருத்துவரின் பழைய தர்மம். ஆனால் இன்று நோயாளியின் செய்தி பரிசோதனைக் கூடம், கணினியில் பதிவு செய்பவர், காப்பீட்டு நிறுவனம் என்று பல கைகளைக் கடக்கிறது. இவர்களையே மூன்றாம் தரப்பினர் என்கிறோம்.

எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக 2017-இல் இயற்றப்பட்டு, 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு வழி காட்டிற்று. நம்பிக்கையின் பேரில் அறிந்த செய்தியை, நோயாளி விஷயம் புரிந்து அளிக்கும் சம்மதமின்றி வெளியிடலாகாது. சிகிச்சையளிக்கும் மருத்துவர்கள் தமக்குள் தெரிவித்துக்கொள்வதும், நீதிமன்ற ஆணையும் விலக்கு. ஏடுகளை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைக் காக்கும் ஏற்பாடும் செய்தாகவேண்டும்.

2023-இல் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. மருத்துவமனை வேறொரு நிறுவனத்திடம் இவ்வேலையை ஒப்படைத்தால் ஒப்பந்தம் வேண்டும்; அந்நிறுவனம் தவறினாலும் பொறுப்பு மருத்துவமனையுடையதே. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். எனினும் இச்சட்டம் கணினியில் ஏறிய செய்திக்கே உரியது. தேநீர்க் கடைக்கு வந்த அந்தக் காகிதம் இதன் வலையில் அகப்படாது!

எல்லாவற்றையும் மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. காசநோயை அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் மருத்துவர்களுக்குக் கட்டாயம். 2018 முதல் மருந்துக் கடைக்காரருக்கும் அக்கடமை உண்டு. அது சிகிச்சை தொடர்வதற்காக. அண்டை வீட்டார் அறிவதற்காக அன்று.

அப்பெண் இப்போது சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட உள்ளூரில் வைத்தியம் பார்த்துக்கொள்வதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறித் திருநெல்வேலிக்குச் செல்கிறாள்.